ஒரு சாண் மிச்சம்

தையல் முகாமுக்கு வந்து இறங்கியபோது நூலகக்காரியின் கையில் ஒரு பெட்டி, மனசில் ஒரே ஒரு வேலை. பெட்டிக்குள் ஒரு குழந்தைப் போர்வையின் மேல்பாகம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு வீட்டிலேயே மெஷினில் தைத்தது. இனி அதற்கு அடியில் பஞ்சும், பஞ்சுக்கு அடியில் ஒரு துணியும் வைத்து, மூன்றையும் கையால் சேர்த்துத் தைக்க வேண்டும். மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு வலி எடுப்பதற்குள் போர்வை முடிந்தாக வேண்டும்.

பழைய வீடு. மழையில் ஊறிப்போன கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க முடிந்தது. உள்ளே அந்துருண்டை வாசனை அடித்தது. அதற்கும் அடியில், பல நாள் நனைந்து காயாத துணியின் வாடை. வீட்டம்மா அறுபதைத் தாண்டியவர், ஒல்லி. வந்தவளின் முகத்தைப் பார்க்கும் முன் விரல்களைத்தான் பார்த்தார். தைக்கிறவர்கள் அப்படித்தான், முகமெல்லாம் அப்புறம்.

"இடது கை விரல் ஏன் வெளுத்துப் போயிருக்கு?"

"கழுத்து எலும்பு தேஞ்சு நரம்பு அமுங்கிடுச்சும்மா. ரெண்டு வருஷமா நுனியில உணர்ச்சியே இல்ல. கொதிக்கிற டம்ளரைத் தொட்டாக்கூட தெரியாது."

வீட்டம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நீளமான கூடத்தில் இரண்டு பேர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். எதைப் பார்த்தாலும் சொத்தை இருக்கிறதா என்று பார்க்கும் கண். இன்னொருத்தி பேக்கரிக்காரி. விடியற்காலையிலிருந்து மாவு பிசைந்த தோள்கள், அதைவிடப் பெரிய வாய்.

"வாங்க லைப்ரரி அக்கா," என்றாள் பேக்கரிக்காரி. "நான் மூணு நாள் என் வீட்டுக்காரர் குறட்டை இல்லாம தூங்கத்தான் வந்தேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்னு இருபது வருஷமா ஏறிட்டு இருக்கேன். கொஞ்சம் இறங்கிட்டுப் போலாம்னு தோணுச்சு."

கூடத்தின் நடுவில் ஒரு மரச்சட்டம் நின்றது. கட்டில் அளவு நீளம், இடுப்பளவு உயரம், சுற்றிலும் நாற்காலிகள். முகாமின் வழக்கம் இதுதான்: யாருடைய போர்வை அவசரமோ அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, எல்லோரும் சேர்ந்து தைத்துக் கொடுப்பார்கள். பல் டாக்டரும் பேக்கரிக்காரியும் யோசிக்காமல் விட்டுக்கொடுத்தார்கள். சட்டத்தில் அதுவரை பாதி தைத்த ஒரு பழைய போர்வை கிடந்தது. வீட்டம்மா அதை அவிழ்த்துவிட்டு, குழந்தைப் போர்வையை நடுவில் இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் அகலத் துணி கோத்துத் தரைவரை தொங்கவிட்டார். கீழே இருட்டு.

போர்வையில் இரண்டு நிறம் அதிகமாகத் தெரிந்தது. ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று ஆகாய நீலம்.

"மஞ்சள் என் மகளோட முதல் குழந்தைக்கு ஆரம்பிச்சது," என்றாள் நூலகக்காரி, யாரும் கேட்காமலே. "லைப்ரரியில புத்தகம் சரிபார்க்கிற வேலை. அடுத்த வாரம் தைச்சுக்கலாம்னு எடுத்து வெச்சேன். அந்த வாரமே கலைஞ்சுடுச்சு. நீலம் ரெண்டாவதுக்கு. பாதியில என் கை மரத்துப் போச்சு, நிறுத்திட்டேன். ஏழாம் மாசம் அதுவும் போச்சு. ரெண்டு தடவையும் வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழி உடைஞ்ச கதைதான். இந்தத் தடவை முடிச்சே தீரணும்."

"அக்கா, காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை அது," என்றார் பல் டாக்டர், மென்மையாகவே. "உங்க போர்வைக்கும் உங்க மக வயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

இல்லைதான். அது நூலகக்காரிக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி நடையில் மகள் இவள் மடியில் முகம் புதைத்து அழுதபோது, பாதியில் மடித்து வைத்த துணிதான் இவள் கண்முன் வந்தது.

தைக்கத் தொடங்குமுன் வீட்டம்மா ஒரு குண்டூசியைக் கொண்டுவந்தார். சிவப்புத் தலை ஊசி. ஓரத்தின் கடைசி மூலையிலிருந்து ஒரு சாண் அளந்து, அங்கே அதைக் குத்தினார்.

"இதுக்கு அந்தப் பக்கம் இங்க தைக்க வேண்டாம். அந்த ஒரு சாணை வீட்டுக்குப் போய் முடிச்சுக்குங்க."

"ஏம்மா?"

"இந்த வீட்டுல எதையும் முழுசா முடிக்கிறதில்ல. சட்டத்தைக் காலியா விடுறதும் இல்ல." சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். பேக்கரிக்காரி மட்டும், "நல்ல பழக்கம். இதை எங்க வீட்டுல சமையலுக்கும் கொண்டு வரணும்," என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் உட்கார்ந்தார்கள். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. இந்தத் தையலில் வலது கை மேலே, இடது கை கீழே. மேல்கை ஊசியை இறக்கும். துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும் கீழ்க்கை, முனை தொட்டதும் அதை மேலே தள்ளிவிடும். விறைப்பாகக் கட்டிய துணியை ஊசி துளைக்கும்போது பொட் என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். பழகியவர்கள் ஓர் அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு தையல் போடுவார்கள். கீழ்க்கைக்கு உணர்ச்சி இல்லாத நூலகக்காரிக்கு நாலுதான் வந்தது, அதுவும் கோணல். விரல் நுனியில் ரத்தம் வந்ததைக்கூட, கையை வெளியே எடுத்த பிறகுதான் பார்த்தாள். எதிரே இருவரின் தையல்களும் எறும்பு வரிசை போல் ஓடின. வெட்கமாக இருந்தது. தன் பேரக்குழந்தையின் போர்வையில் தன் தையல்தான் மட்டம் என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

பொட். பொட். பொட்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கவனித்தாள். மூன்று பேர் தைக்கிறார்கள். சத்தம் நாலு இடத்திலிருந்து வருகிறது.

மழையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஊசியை இறக்கினாள். அப்போது இடது கை நுனியில் ஏதோ பட்டது.

பட்டது அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு வருஷமாக எதுவும் தெரியாத விரலில், ஈரமான, குளிர்ந்த இன்னொரு விரல். அது அவளுடைய விரலை மெல்ல விலக்கியது. ஊசி முனையைத் தேடிப் பிடித்தது. மேலே தள்ளியது. சின்னதாக, நேராக, ஒரு தையல் விழுந்தது.

எதிரே இருப்பவளின் கை தவறி இந்தப் பக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். "உன் கை என் பக்கம் வந்துடுச்சும்மா," என்று சிரித்தபடி நிமிர்ந்தாள்.

பேக்கரிக்காரி ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் நூலுமாக, கண்ணைச் சுருக்கிக் கோத்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் இரண்டு கையாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டம்மா வாசல் நிலையில் டீத்தட்டுடன் நின்றார்.

ஆறு கைகளும் மேலேதான் இருந்தன.

கீழே இருந்த கை அவள் விரலை விடவில்லை.

"என்னக்கா?" என்றாள் பேக்கரிக்காரி.

"ஒண்ணுமில்ல." கையை உருவிக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும், யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் அவள் கண் அந்த ஒற்றைத் தையல் மேல் விழுந்துவிட்டது. அவ்வளவு அழகாக இருந்தது. அவள் ஊசியை மறுபடி இறக்கினாள்.

சாயங்காலத்துக்குள் அவள் பக்கம் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் ஓடியிருந்தது. பல் டாக்டர் குனிந்து பார்த்தார்.

"மத்தியானம் தடுமாறிட்டு இருந்தீங்களே?"

"பழகிடுச்சு," என்றாள் நூலகக்காரி. டாக்டரின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் போர்வை சிவப்பு ஊசிவரை வந்துவிட்டது. பேக்கரிக்காரி நெட்டி முறித்தபோது நூலகக்காரியின் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"அத்தை, அவளை அட்மிட் பண்ணியிருக்கோம். குழந்தையோட நாடித்துடிப்பு இறங்குதாம். இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபரேஷன் பண்ணி எடுக்கப் போறாங்க." அவன் குரல் உடைந்தது. "நீங்க வந்துடுங்க அத்தை. உங்களைத்தான் கேட்கிறா."

நூலகக்காரி எழுந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். ஆனால் எங்கே போவது? ஊருக்குப் போகும் வழியில் இருக்கும் ஓடைப் பாலத்துக்கு மேல் காலையிலிருந்தே தண்ணீர் ஓடுகிறது. பல் டாக்டர் கார் சாவியை எடுத்துக்கொண்டார். "நாங்க போய் பாலத்தைப் பார்த்துட்டு வர்றோம். தண்ணி வடிஞ்சிருந்தா உடனே கிளம்பலாம். நீங்க அதுக்குள்ள பெட்டியைக் கட்டுங்க." பேக்கரிக்காரியும் தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு கூடவே போனாள். வீட்டம்மா விளக்கேற்ற எண்ணெய் எடுக்கப் பின்கட்டுக்குப் போனார். மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

கூடத்தில் அவளும் சட்டமும்.

பட்டப்பகல்தான். ஆனால் மழை மூட்டத்தில் கூடத்தின் மூலைகள் கரைந்துபோயிருந்தன. நனைந்த துணி வாடை மூக்கருகே வந்தது. சிவப்புத் தலை ஊசி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரு சாண்.

முதல் தடவை, அடுத்த வாரம் என்றாள். இரண்டாம் தடவை, கை சரியாகட்டும் என்றாள்.

அவள் சிவப்பு ஊசியைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். உட்கார்ந்தாள். இடது கையைத் துணிக்கு அடியில் நீட்டினாள்.

அது காத்துக்கொண்டிருந்தது.

இந்த முறை அவள் கை தைக்கவில்லை. ஊசி போன வேகத்துக்கு அவள் கை இழுபட்டது, அவ்வளவுதான். பொட் பொட் பொட் பொட். முக்கால் சாண். அரை சாண். நாலு விரல். கீழே யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நாளாக ஒரே இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் விடும் மூச்சு. அவள் நிறுத்தவில்லை. கடைசித் தையல் விழுந்தது. முடிச்சுப் போட்டாள்.

கீழே இருந்த கை அவள் கையை மூடிக்கொண்டது.

"குழந்தை பொழைக்குமா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அது அவள் உள்ளங்கையில், தூங்க வைக்கிற மாதிரி, மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

போன் அடித்தது.

"பொண்ணு அத்தை!" மாப்பிள்ளை அழுதுகொண்டே சிரித்தான். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. எடை குறைச்சல்தான், ஆனா மூச்சு நல்லா விடுறாளாம்."

பல் டாக்டரும் பேக்கரிக்காரியும் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பேக்கரிக்காரி செய்தியைக் கேட்டு அப்படியே கட்டிக்கொண்டாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. எழுந்திருங்க பாட்டி."

வீட்டம்மா சிரிக்கவில்லை. அவர் மேஜைமேல் கிடந்த சிவப்பு ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கைக் கீழே வைத்துவிட்டு, சட்டத்தின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். போர்வையைத் திருப்பிப் போட்டார்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

அவர்கள் மூவரும் தைத்தது வெள்ளை நூலால். மேல்பக்கம் முழுக்க வெள்ளை. பின்பக்கம், மூலைக்கு மூலை, கறுப்பு.

"கையால தைச்சா ரெண்டு பக்கமும் ஒரே நூல்தானே ஓடும்?" பல் டாக்டர் மெதுவாகக் கேட்டார். போர்வையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். "மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னா மெஷின்ல வேணும்னா வரும். கையில எப்படி?"

"அது நூல் இல்ல," என்றாள் பேக்கரிக்காரி. விளக்கைக் கிட்டே கொண்டுபோயிருந்தாள். அவள் குரலில் இருந்த விளையாட்டெல்லாம் போயிருந்தது. "முடி."

வீட்டம்மா சின்னக் கத்தரியை எடுத்தார். "இதை இங்கயே பிரிச்சுடலாம். வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது."

"யாரும்மா அது?" என்றாள் நூலகக்காரி.

"தெரியாது. எனக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்களுக்கும் தெரியாது. தைக்க ஏதாவது மிச்சம் இருக்கிற வரைக்கும் இங்கயே கிடப்பா. அது ஒண்ணுதான் எங்களுக்குத் தெரியும்." சொல்லிக்கொண்டே ஓரத்தில் ஒரு தையலை வெட்டினார்.

போன் அடித்தது.

மாப்பிள்ளைதான். பின்னால் ஆட்கள் ஓடும் சத்தம். யாரோ குழந்தைக்கு நீலம் பாய்ந்துவிட்டது என்று கத்தினார்கள். அப்புறம்தான் அவன் குரல் வந்தது. "அத்தை, இப்பதான் நல்லா இருந்தா. திடீர்னு மூச்சு நின்னுடுச்சு அத்தை."

கத்தரி இரண்டாவது தையலுக்குள் நுழைந்திருந்தது. நூலகக்காரி பாய்ந்து போர்வையைப் பிடுங்கினாள். அவசரத்தில் ஊசியைக் கோக்க முடியவில்லை. பல் டாக்டர்தான் கோத்துக் கொடுத்தார். அறுந்த இடத்தில் ஊசியை இறக்கினாள். மடிமேல் கிடந்த போர்வைக்கு அடியில் இடது கையை விட்டாள். அங்கே அவள் மடிதான் இருக்க வேண்டும்.

குளிர்ந்த விரல் ஊசியை வாங்கி மேலே கொடுத்தது.

"அழுதுட்டா," என்றது போன். "அத்தை, அழுதுட்டா."

வீட்டம்மா கத்தரியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு யாரும் போர்வையைப் பிரிப்பதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் பாலத்தில் தண்ணீர் வடிந்ததும், அவள் அதை மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

குழந்தை தேறிவிட்டது. மூன்றாம் மாதம் கன்னம் உப்பி, பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. அந்தப் போர்வை மேல் படுத்தால்தான் தூங்கும். வேறு எதில் போட்டாலும் வீறிடும். "பாட்டி கை வாசம் இருக்குல்ல," என்று மகள் பெருமையாகச் சொல்வாள். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "கறுப்பு நூல் ஏம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அழுக்குத் தெரியாது என்று இவள் சொல்லிவைத்தாள்.

சில மத்தியானங்களில், மகள் குளிக்கப் போயிருக்கும்போது, நூலகக்காரி இடது கையைப் போர்வைக்கு அடியில் விட்டுப் பார்ப்பாள். மெத்தையின் மென்மை தெரியாது. குழந்தையின் சூடு தெரியாது. தட்டிக்கொடுக்கும் இன்னொரு கை மட்டும் தெரியும். பயமாகத்தான் இருந்தது. நன்றியும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்றவளுக்குச் சமமாக அந்தக் கையும் இந்தக் குழந்தையைத் தாங்குகிறது என்று நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு நாள் வீட்டம்மா போன் செய்தார்.

"சட்டத்துல புதுசா ஒண்ணு கட்டி ஒரு மாசமாச்சு. அடியில சத்தமே இல்ல. அங்க அவளுக்குத் தைக்க ஏதாவது இருக்கா?"

"எதுவும் இல்லையேம்மா. போர்வைதான் முடிஞ்சு போச்சே."

"அதான் கேட்கிறேன்," என்றார் வீட்டம்மா.

இரண்டு நாள் கழித்து, காலை வெயில் ஜன்னலில் விழுந்திருந்த நேரம், மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க கொஞ்சம் வாங்களேன். பாப்பாவைத் தூக்கினா போர்வையும் சேர்ந்து வருது. சட்டை எங்கயோ நூல்ல மாட்டிக்கிட்டு இருக்கு."

நூலகக்காரி வந்து குனிந்தாள். மாட்டிக்கொள்ளவில்லை. குழந்தையின் சட்டை ஓரம் போர்வையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. வலது தோளில் தொடங்கி, கையைச் சுற்றி, இடுப்பில் இறங்கி, மறுபக்கம் ஏறி, இடது தோளுக்கு அருகே வந்து நின்றிருந்தது. கறுப்பு. அங்குலத்துக்குப் பன்னிரண்டு.

இடது தோளில் கொஞ்சம் பாக்கி இருந்தது. குழந்தையின் கையால் அளந்தால் ஒரு சாண்.

அங்கே ஒரு சிவப்புத் தலை ஊசி குத்தியிருந்தது.

"யாரும்மா இங்க குண்டூசி வெச்சது? பாப்பாவைக் குத்தியிருந்தா?" மகள் கத்தரிக்கோலை எடுத்து வந்திருந்தாள். "நகருங்க, வெட்டிடறேன்."

"வெட்டாதே."

"ஏம்மா?"

அவள் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். குழந்தை அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, கன்னத்தைப் போர்வையில் அழுத்திக்கொண்டு, அடியில் இருக்கும் எதையோ பார்த்துச் சிரித்தது.

பொட்.

சிவப்புத் தலை ஊசி தானாகக் கழன்று தரையில் உருண்டது.